கோலாலம்பூரிலிருந்து லுவாங் பிரபாங் வரை நிலவழியே: இராமநாதபுரத்தார் சென்ற ஒரு குழுப் பயணம் பற்றிய மதிப்பீடு

இராமநாதபுரத்தில் விமானச் சீட்டு, கடவுச்சீட்டு விண்ணப்பம் போன்ற வேலைகளோடு ஆண்டுதோறும் காசி யாத்திரையும் நடத்திவரும் ஒரு பயண நிறுவனம், கோலாலம்பூரில் தொடங்கி, பினாங்கு, பாங்காக், காஞ்சனபுரி, வியஞ்சான் வழியாக லாவோஸின் லுவாங் பிரபாங் வரை ரயிலிலும் பேருந்திலும் மட்டுமே செல்லும் குழுப் பயணம் ஒன்றை ஏற்பாடு செய்கிறது. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போவதற்கும் முடிவில் லுவாங் பிரபாங்கிலிருந்து சென்னைக்குத் திரும்புவதற்கும்தான் விமானம். இடைப்பட்ட தூரம் முழுவதும் தரைவழியே. கடந்த தை மாதத்தில் என் அக்காவுடன் இக்குழுவில் சென்று வந்தேன். நம் பகுதியில் பலரும் இப்பயணத்தைப் பற்றி விசாரிப்பதால், கண்டதை விரிவாகவே எழுதுகிறேன். இத்தகைய பயணத்தை நடத்தும் எவரிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம் என்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை.

நிலவழிப் பயணத்தில் பணத்தைவிட அதிகமாகச் செலவாவது நேரம்தான். அந்த நேரத்தை எந்த இடத்தில், யாரை மனத்தில் வைத்துச் செலவிடுகிறார்கள் என்பதைக் கொண்டே இச்சேவையை அளக்க வேண்டும் என்று கருதுகிறேன். அப்படி அளந்தால், இந்நிறுவனம் எல்லைகளிலும் ரயில்களிலும் பாராட்டத்தக்க பொறுமையோடும் முன்யோசனையோடும் நடந்துகொண்டது. பாங்காக்கில் நேரத்தை வீணாக்கி, அதன் விலையைக் காஞ்சனபுரியில் எங்களிடம் வசூலித்துவிட்டது.

எல்லை தாண்டும் ரயில் நம் கரைக்குப் புதியதன்று. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னையில் வண்டியேறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலில் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து இலங்கை ரயிலில் கொழும்பை அடைய முடிந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அவ்வழி அறுந்தது. கிழக்கே மலாயாவுக்கோ நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் போனார்கள். கீழக்கரையிலும் பனைக்குளத்திலும் தொண்டியிலும் பினாங்கு என்ற பெயரைக் கேட்டு வளராத பிள்ளை உண்டா? ஆகவே எங்கள் குழுவில் இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் சேர்ந்தபோது, ஏறக்குறைய ஒவ்வொருவருக்கும் இந்தப் பாதையில் எங்கோ ஓரிடத்தில் குடும்பத்துக் கதை ஒன்று காத்திருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கீழக்கரையிலிருந்து ஒரு பெரிய குடும்பம், தங்கச்சிமடத்திலிருந்து இரண்டு தம்பதியர், திருவாடானைப் பக்கத்து விவசாயி ஒருவர் என்று கலவையான குழு. பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். என் அக்காவுக்கு முழங்கால் வலி வேறு. படியேறும் வேகமும் நடக்கும் வேகமும் ஆளுக்கு ஆள் மாறும் இத்தகைய குழுவை நாடு நாடாகக் கொண்டு செல்வது எளிய வேலையன்று.

புறப்படுவதற்கு முன் இராமநாதபுரத்தில் ஒரு திருமண மண்டபத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்கள். அந்தக் கூட்டம் உண்மையிலேயே பயனுள்ளதாக இருந்தது. கடவுச்சீட்டு ஆறு மாதங்களுக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும் என்பதில் தொடங்கி, மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் நுழைவதற்கு முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய வருகை அட்டைகள் வரை ஒவ்வொன்றையும் தமிழில் அச்சிட்ட தாளில் கொடுத்து, படிவங்களைத் தாங்களே நிரப்பித் தந்தார்கள். லாவோஸுக்கான மின்-விசாவையும் முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு மருத்துவர் சீட்டின் நகலை மாத்திரை டப்பாவோடு சேர்த்து ரப்பர் வளையம் போட்டு வைக்கச் சொன்னார்கள். கருவாடு, ஊறுகாய் ஜாடி இரண்டும் கூடாது என்றதும் மண்டபத்தில் எழுந்த முணுமுணுப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்தார்கள். அதில் தங்கும் விடுதியின் முகவரி அந்தந்த நாட்டு எழுத்தில் இருந்தது. வழி தவறியவர் அதை ஆட்டோக்காரரிடம் காட்டினாலே போதும். இவ்வளவு சிறிய ஏற்பாட்டை எத்தனை பெரிய நிறுவனங்கள் செய்கின்றன என்று எண்ணிப் பார்த்தேன்.

கோலாலம்பூரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பத்துமலையும் இரட்டைக் கோபுரமும் எல்லோரும் அறிந்தவை. மறுநாள் காலையில் மின்சார ரயிலில் பட்டர்வொர்த்துக்குப் போய், அங்கிருந்து படகில் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனை அடைந்தோம். மலேசியாவின் அந்த ரயில் மீட்டர் கேஜ் பாதையில் மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் வரை ஓடுகிறது. 2007 வரை இராமேசுவரத்துக்கு ஓடிய மீட்டர் கேஜ் வண்டியின் நிதானத்தை நினைவில் வைத்திருக்கும் எங்களுக்கு அது பெரும் வியப்பு.

பினாங்கில் நிறுவனம் செய்த மிக நல்ல காரியம், ஒரு பிற்பகல் முழுவதையும் எங்களிடமே விட்டுவிட்டதுதான். பெரும்பாலான குழுப் பயணங்களில் அப்படி விடுவதில்லை. இடைவெளி தெரிந்தால் அங்கே ஒரு கடையை நுழைத்துவிடுவார்கள். காலையில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அதற்கு அருகிலேயே உள்ள நாகூர் தர்கா, குயின் தெரு மாரியம்மன் கோயில் ஆகியவற்றை நடந்தே காட்டினார்கள். எல்லாமே அடுத்தடுத்த தெருக்களில் இருப்பதால் மெதுவாக நடப்பவர்களும் சோர்வடையவில்லை. அந்தப் பள்ளிவாசல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் முஸ்லிம் வணிகர்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் காலத்தில் எழுந்தது. மதியத்துக்குப் பின் கீழக்கரைக் குடும்பத்தினர் தங்கள் உறவினர்களைப் பார்க்கப் போனார்கள். மாலையில் திரும்பி வரும்போது, ஊரில் அதுவரை யாரும் நேரில் பார்த்திராத ஒரு மாமாவையும் கையோடு அழைத்து வந்துவிட்டார்கள். அவர் எங்களோடு உட்கார்ந்து தேநீர் குடித்தபடி, தன் வாப்பா பிறந்த தெரு இன்னும் அப்படியேதான் இருக்கிறதா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நிலவழிப் பயணத்தில் ஒரு நிறுவனத்தின் தரம் தெரியும் இடம் எல்லைச் சாவடி. விமான நிலையத்தில் வரிசை இருக்கிறது, பலகை இருக்கிறது, வழி கேட்க ஆள் இருக்கிறார். நில எல்லையில் பெட்டியையும் நாமே தூக்கிக்கொண்டு, எந்தச் சாளரம் எந்த நாட்டுடையது என்று தெரியாமல், வண்டி கிளம்பிவிடுமோ என்ற அச்சத்தோடு நிற்க வேண்டும். மலேசியா, தாய்லாந்து எல்லையில் உள்ள பாடாங் பெசார் நிலையத்தில் இரு நாட்டுக் குடிவரவு அலுவலகங்களும் ஒரே கட்டடத்துக்குள் இருக்கின்றன. முதலில் மலேசியா விட்டுச் செல்வதற்கான முத்திரை, சில அடிகள் தள்ளித் தாய்லாந்தில் நுழைவதற்கான முத்திரை, பிறகு பாங்காக் வண்டி. எங்களோடு வந்த டூர் மேனேஜர், முப்பது வயதுகூட நிரம்பாத பரமக்குடி இளைஞர், பட்டர்வொர்த்திலேயே எங்களை ஐந்தைந்து பேராகப் பிரித்துவிட்டார். ஒவ்வொரு ஐவரிலும் இளையவர் ஒருவர், ஆங்கிலம் பேசக்கூடியவர் ஒருவர். என் அக்காவைப் போன்ற நால்வரைப் பெஞ்சில் உட்கார வைத்து, "அம்மா, நீங்க எந்திரிக்க வேணாம். உங்க முறை வர்றப்ப நானே வந்து கூப்பிடுறேன்" என்றார். சொன்னபடியே வந்து கூப்பிட்டார். கடைசி ஆளின் கடவுச்சீட்டில் முத்திரை விழும் வரை அவர் சாளரத்தை விட்டு நகரவில்லை. அதற்கிடையில் தாய்லாந்து நேரம் மலேசியாவைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதை எல்லோருக்கும் நினைவூட்டி, கைக்கடிகாரங்களை மாற்றவும் வைத்தார். வேறொரு கூட்டத்தைச் சேர்ந்த வெளிநாட்டுப் பயணி ஒருவர், தன் கடிகாரத்தைப் பார்த்து வண்டி போய்விட்டதென்று நினைத்துப் பதறி ஓடியதை அப்போது கண்டோம்.

பாடாங் பெசாரில் மாலையில் புறப்படும் அந்த வண்டி இரவு முழுவதும் ஓடி மறுநாள் முற்பகலில் பாங்காக்கை அடைகிறது. தாய்லாந்தின் இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பெட்டி நம்முடையதைப் போன்றதன்று. நடுவில் நடைபாதை, இருபுறமும் வண்டியின் நீளவாக்கில் படுக்கைகள், ஒவ்வொன்றுக்கும் திரைச்சீலை. இருட்டியதும் பணியாளர் ஒருவர் வந்து, எதிரெதிர் இருக்கைகளை இழுத்து இணைத்து, சாவியொன்றைத் திருகி மேல்படுக்கையை இறக்கி, உறை போட்ட மெத்தையையும் வெள்ளை விரிப்பையும் விரித்து, மடிப்பு நீக்கி, தலையணையைத் தட்டி வைத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனார். ஒரு படுக்கைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கீழ்ப்படுக்கை நன்றாக அகன்றது, மேல்படுக்கை குறுகலானது, கட்டணமும் அதற்கேற்ப மாறும். அறுபது வயதைத் தாண்டிய அனைவருக்கும் கூடுதல் பணம் கேட்காமல் கீழ்ப்படுக்கையே எடுத்திருந்தார்கள். நிறுவனம் தன் இலாபத்திலிருந்து விட்டுக்கொடுத்தது இது. என் அக்கா அன்றிரவு நன்றாக உறங்கினார். ஊரில்கூட அப்படி உறங்கியதில்லை என்று சொன்னார்.

பாங்காக்கில்தான் எனக்கு மனம் கசந்தது. அட்டவணையில் "நகர உலா" என்று மட்டும் இருந்தது. முதல் நாள் பிற்பகலில் எமரால்டு புத்தர் ஆலயத்தைக் காட்டியது சரி. மறுநாள் காலையில் காஞ்சனபுரிக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், பேருந்து நேராக ஒரு நவரத்தினக் கடைக்குப் போய் நின்றது. அங்கிருந்து தோல்பொருள் கடை. இரண்டிலும் யாரும் பெரிதாக எதுவும் வாங்கவில்லை. ஆனால் உள்ளே நுழைந்தபின் குறிப்பிட்ட நேரம் ஆகாமல் வெளியே விடுவதாக இல்லை. இக்கடைகளிலிருந்து உள்ளூர் முகவருக்குத் தரகு வருகிறது என்பது ஊரறிந்த செய்தி. பயணக் கட்டணம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமென்றால், அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, வேண்டாதவர்களிடம் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ளலாம். நான் மகிழ்ச்சியோடு கொடுத்திருப்பேன்.

அதே காலை நேரத்தில் எங்களை எங்கே அழைத்துச் சென்றிருக்கலாம் என்று நினைத்தால் வருத்தம் இன்னும் கூடுகிறது. பாங்காக்கின் பெரிய ஊஞ்சல் கம்பத்துக்கு அருகில், 1784இல் நிறுவப்பட்ட தேவஸ்தானம் என்னும் பிராமணர் கோயில் இருக்கிறது. ஆண்டுதோறும் அங்கே நடைபெறும் திரியம்பாவாய் திரிபாவாய் சடங்கில், அரண்மனைப் பிராமணர்கள் திருவெம்பாவைப் பாடல்களைத் தங்கள் வாய்மரபில் இன்றும் ஓதிவருகிறார்கள். திருவெம்பாவை பாடிய மாணிக்கவாசகர் உருகி உருகி அழைத்த உத்தரகோசமங்கை எங்கள் மாவட்டத்தில், இராமநாதபுரம் நகருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எங்கள் குழுவில் மார்கழி தோறும் அக்கோயிலில் திருவெம்பாவை ஓதும் அம்மையார் ஒருவர் இருந்தார். அந்த ஊஞ்சல் கம்பத்தைப் பேருந்துச் சன்னல் வழியாக ஒரு நொடி பார்த்ததோடு சரி. வழிகாட்டி அதன் உயரத்தைச் சொன்னார். பக்கத்தில் இருந்த கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைகளில் போன நேரம் காஞ்சனபுரியில் குறைந்தது. பாங்காக்கின் தோன்புரி நிலையத்திலிருந்து காலை வண்டியில் போவதாகத் திட்டம். அந்த வண்டி போய்விட்டதால் பேருந்திலேயே போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது. சயாம் பர்மா ரயில் பாதையைப் பற்றி நம் மக்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை என்றாலும் சில செய்திகளைச் சொல்லியே ஆக வேண்டும். ஜப்பானியப் படை 1942இல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அந்தப் பாதையைப் போட்டு முடித்தது. போர்க் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேரும், இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஆசியத் தொழிலாளர்களும் அதில் உழைத்தார்கள். கைதிகளில் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் அவர்களில் பெருந்தொகையினர். காலராவும் மலேரியாவும் பட்டினியும் அவர்களைக் கொன்றன.

காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கைதிகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக, புல் வெட்டிப் பூச்செடி வைத்துப் பராமரிக்கப்படுகின்றன. பெயர், படைப்பிரிவு, இறந்த நாள் என்று ஒவ்வொரு கல்லிலும் எழுதியிருக்கிறது. அங்கே எங்களுக்குத் தரப்பட்டது இருபது நிமிடம். எதிரே ரயில் பாதை வரலாற்றுக்கான அருங்காட்சியகம் இருந்தது. நேரமில்லை என்று விட்டுவிட்டார்கள். நம்மவருக்கோ பெயர் எழுதிய கல்லறை கிடையாது. அந்நகரின் தாவோன் வராராம் பௌத்த ஆலயத்தில்தான் ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே 2023இல் தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் நிறுவப்பட்டது. நிறுவனத்தின் அட்டவணையில் அந்த இடமே இல்லை.

நாங்கள் சிலர் டூர் மேனேஜரிடம் பேசினோம். அவர் உண்மையாகவே அறியாதிருந்தார், அறிந்ததும் தயங்கவில்லை. உள்ளூர் ஓட்டுநரோடு வாதாடி, அந்த ரயில் பாதையின் க்வாய் ஆற்றுப் பாலத்துக்குப் போகும் வழியில் அங்கே நிறுத்தச் செய்தார். திருவாடானைப் பக்கத்து விவசாயியின் பாட்டனாருடைய தம்பி, பேராக் மாநிலத் தோட்டமொன்றிலிருந்து "சயாம் ரயிலுக்கு" என்று கொண்டுபோகப்பட்டவர், திரும்பவில்லை. எந்த நாளில் இறந்தார் என்று தெரியாததால் வீட்டில் அவருக்குத் திதி கொடுப்பதில்லை. அந்தப் பெரியவர் ஊரிலிருந்து சிறிய துணி முடிச்சில் எள்ளும், தேவிபட்டினத்துக் கடற்கரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் புட்டியில் கடல்நீரும் கொண்டுவந்திருந்தார். நடுகல்லின் முன் மண்டியிட்டு, உள்ளங்கையில் எள்ளை வைத்து, நீரை ஊற்றித் தரையில் விட்டார். கீழக்கரைப் பெரியவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சற்றுத் தள்ளி நின்று துஆ ஓதினார். அப்போது பேருந்தின் ஒலிப்பான் அடித்தது. இரத்தினக் கற்களைப் பார்க்க முழுக் காலையும் இருந்தது. இதற்கு நேரம் இல்லாமல் போயிற்று. இராமநாதபுரத்திலிருந்து ஒரு குழுவை நிலவழியே காஞ்சனபுரிக்கு அழைத்துப் போகும் நிறுவனம் இதை அறிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பாலத்திலிருந்து ‘நாம் தோக்’ என்னும் ஊரை நோக்கி ஓடும் பயணிகள் வண்டியில் சில நிலையங்கள் வரை எங்களை ஏற்றினார்கள். தாம் கிராசே என்னுமிடத்தில் ஆற்றோரப் பாறையை ஒட்டி, மரத் தூண்கள் தாங்கும் பாதையில் வண்டி ஊர்ந்து போகிறது. சன்னலுக்கு ஒரு முழ தூரத்தில் குடைந்த பாறைச் சுவர். மறுபக்கம் நேராக ஆறு. அந்தப் பாறையை உளியால் வெட்டிய தடங்களைக் கண்ணால் பார்க்கும்போது, சற்று முன்பு வரை பேசிக்கொண்டிருந்த எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இவ்வழியை விமானத்தில் பறந்து தாண்டியிருந்தால் இதையெல்லாம் அறிந்திருக்க முடியாது. அதனால்தான் நேரத்தைக் குறைத்ததை என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் இரவு பாங்காக்கின் குருங் தேப் அபிவத் நிலையத்தில் ஏறிக் காலையில் நோங் காய் போய் இறங்கினோம். 2024 ஜூலையிலிருந்து வியஞ்சானுக்கே நேரடியாகப் போகும் ரயில் இருக்கிறது. எனினும் அதிலும் நோங் காயில் எல்லோரும் இறங்கித் தாய்லாந்தை விட்டுச் செல்லும் முத்திரை பெற்று மீண்டும் ஏற வேண்டும். முதியவர்களைப் பெட்டியோடு இறக்கி ஏற்றுவதைவிட, நோங் காயிலேயே இறக்கி வேனில் கொண்டுபோவது மேல் என்று முடிவெடுத்திருந்தார்கள்; சரியான முடிவு. 1994இல் திறக்கப்பட்ட நட்புப் பாலத்தில் சாலையின் நடுவே தண்டவாளமும் பதிந்திருக்கிறது. ரயில் வரும்போது சாலையை மூடிவிடுகிறார்கள். தாய்லாந்தில் நம்மைப் போல இடப்பக்கம் ஓடிய வேன், பாலத்தைத் தாண்டியதும் ஒரு குறுக்குச் சந்திப்பில் வலப்பக்கத்துக்கு மாறியது. லாவோஸ் சாவடியிலும் பாடாங் பெசாரில் செய்ததைப் போலவே ஐந்தைந்து பேராக, யாருக்கும் பதற்றமில்லாமல் கடத்தினார்கள்.

வியஞ்சானில் ஜாமிஆ மசூதிக்குக் கீழக்கரைக் குடும்பத்தோடு நாங்களும் போனோம். அங்கே அரபு, லாவோ முதலிய மொழிகளோடு தமிழிலும் அறிவிப்பு எழுதப்பட்டிருந்தது. மேக்கோங் ஆற்றங்கரையில் தமிழ் எழுத்தைப் பார்ப்போம் என்று எங்களில் யாரும் எதிர்பார்க்கவில்லை. இதுவும் அட்டவணையில் இல்லை, கீழக்கரைக் குடும்பத்தில் மூத்தவர் "தம்பி, ஜும்ஆவுக்கு எங்க போறது?" என்று டூர் மேனேஜரிடம் கேட்டதால் கிடைத்தது. இப்படிப்பட்ட இடங்களெல்லாம் பயணிகள் கேட்டபின்தான் வழியில் சேர்கின்றன என்பது நிறுவனம் யோசிக்க வேண்டிய விஷயம்.

வியஞ்சானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு 2021 டிசம்பர் 3 அன்று திறக்கப்பட்ட லாவோஸ் சீன ரயில் பாதையில் போனோம். குன்மிங் வரை 1,035 கிலோமீட்டர். லாவோஸுக்குள் மட்டும் 75 சுரங்கங்கள். மலைச் சாலையில் ஒரு பகல் முழுவதும் ஆன தூரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. நிலையம் ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் இருக்கிறது. விமான நிலையத்தைப் போலவே பெட்டிகளைச் சோதிக்கிறார்கள். கத்தி, வாசனைத் தெளிப்பான் டப்பாக்கள் எதையும் அனுமதிப்பதில்லை. இந்த விதியை நிறுவனம் எங்களோடு அனுப்பியிருந்த சமையல்காரருக்குச் சொல்லவில்லை. அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு காய் வெட்டும் கத்திகளும் சோதனை மேடையில் நின்றுவிட்டன. ஒரு கத்தி அவருடைய தந்தை காலத்தது என்று பிறகு தெரிந்தது. தமிழில் அவ்வளவு அழகாக அச்சிட்ட தாளில் இந்த ஒரு வரியையும் சேர்த்திருந்தால் அவர் அன்று கண் கலங்கியிருக்க மாட்டார்.

லுவாங் பிரபாங்கில் நிறுவனம் மீண்டும் என் மனத்தில் உயர்ந்தது. 1995இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்தச் சிறு நகரம் மேக்கோங்கும் நாம் கான் ஆறும் கூடும் இடத்தில் அமைந்திருக்கிறது. தை மாதத்து அதிகாலைக் குளிர் நம் கரைவாசிகளுக்கு மிக அதிகம். கம்பளியும் காலுறையும் கட்டாயம் வேண்டும். விடியலில் பிக்குகள் பிச்சை ஏற்கப் போகும் வரிசையைப் பார்க்கப் போனபோது, யாரும் வரிசைக்குள் நுழையக் கூடாது, எதிர்ப்புற நடைபாதையிலேயே நிற்க வேண்டும், கைப்பேசியில் வெளிச்சம் போடக் கூடாது என்று டூர் மேனேஜர் முதல்நாள் இரவே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பல குழுக்கள் பிக்குகளின் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டிக்கொண்டிருந்த அந்தத் தெருவில், எங்கள் குழு ஒதுங்கிக் கைகூப்பி நின்றதில் எனக்குப் பெருமைதான். பூசி மலையில் முந்நூறுக்கு மேற்பட்ட படிகள். ஏற முடியாதவர்களை விடுதியில் உட்கார வைக்காமல், அதே நேரத்தில் மேக்கோங்கில் படகில் அழைத்துச் சென்று சூரியன் மறைவதைக் காட்டினார்கள். அக்கா அந்தப் படகில்தான் போனார். மலையேறிய என்னைவிட அவர்தான் நன்றாகப் பார்த்திருக்கிறார் என்பது அன்றிரவு அவர் பேச்சிலிருந்து புரிந்தது.

சாப்பாட்டைப் பொறுத்தவரை குறை சொல்ல மாட்டேன். மலேசியாவிலும் தென் தாய்லாந்திலும் ஹலால் உணவுக்கும் சைவ உணவுக்கும் சிரமமே இல்லை. வடக்கே போகப் போகத்தான் சமையல்காரர் தேவைப்பட்டார். அவர் மின்சாரக் குக்கரில் வைத்த சோறும், புளிக்காய்ச்சலும், பருப்புப் பொடியும், அந்தந்த ஊர்ச் சந்தையில் வாங்கிய காய்களும் எங்களைக் காப்பாற்றின. ஒரு பாத்திரத்தில் சைவம் மட்டுமே என்று கடைசி வரை காத்தார். தாய்லாந்திலும் லாவோஸிலும் சைவம் என்று கேட்டு வாங்கும் உணவிலும் மீன் சாறு ஊற்றிவிடுவார்கள் என்பதால், வெளியில் சாப்பிடும் சைவர்கள் ஒவ்வொரு முறையும் அதைத் தனியாகக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

கட்டணம் ஒருவருக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய்க்குச் சற்று மேல். விமானம், ரயில், விடுதி, விசா, மூன்று வேளை உணவு எல்லாம் அதில் அடக்கம். படகுக்கும் நுழைவுச் சீட்டுக்கும் வழியில் தனியாகக் கேட்கவில்லை. விடுதி அறைகள் எளியவை, சுத்தமானவை. பாங்காக் விடுதியில் மட்டும் மின்தூக்கி மிகச் சிறியது, பெட்டிகளோடு ஏற நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டு இரவுகள் ரயிலில் கழிவதால், இரவில் அடிக்கடி எழ வேண்டியவர்களும், மேலை நாட்டுக் கழிப்பறை மட்டுமே பயன்படுத்தக் கூடியவர்களும் மருத்துவரிடமும் நிறுவனத்திடமும் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. பங்குனி, சித்திரையில் லாவோஸின் வடக்கே காடுகளையும் வயல்களையும் எரிப்பதால் புகை மூட்டம் இருக்கும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மார்கழி, தை மாதப் பயணத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் நான் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு நேரில் போய், மேலே எழுதிய குறைகள் அனைத்தையும் தாளில் எழுதிக் கொடுத்தேன். உரிமையாளர் பொறுமையாகப் படித்தார். தாவோன் வராராம் ஆலயத்தை அட்டவணையில் சேர்ப்பதாகவும், சமையல்காரருக்குக் கத்தியின் விலையைக் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். கடைகளைப் பற்றிக் கேட்டபோது மட்டும் நேரடியான பதில் வரவில்லை. ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன், பாங்காக்கில் எத்தனை கடைகளில் பேருந்து நிற்கும், காஞ்சனபுரிக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள், தோன்புரியிலிருந்து ரயிலில் போவது உறுதிதானா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுத் தந்தால், முழங்கால் வலியுள்ள அக்காவையும் தாராளமாக அழைத்துக்கொண்டு போகலாம்.